தம்பிக்குக் கண் தெளிஞ்சிடுச்சு, இனி லேசர் எதுக்கு என்கிறான்

ராயபுரம் அக்கா

வணக்கம். என் தம்பிக்கு 27 வயசு. காசிமேட்டில் ஏலத்துக்கு வரும் மீனுக்கு ஐஸ் போடுகிற வேலை. நடுராத்திரி தாண்டிப் போனால் காலை பத்து மணிக்குத்தான் வீடு. பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் வேலையில் இருக்கும்போதே வலது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக ஓடுகிறது என்று கசக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். செதில் தெறித்திருக்கும் என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தான். மதியத்துக்குள் அந்தக் கண்ணில் எதிரே காட்டிய விரலை எண்ண முடியவில்லை. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கண்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிரம்பியிருக்கிறது என்றார்கள். ஸ்கேன் எடுத்து, விழித்திரை பிரியவில்லை என்றார்கள். இடது கண்ணையும் சொட்டு விட்டுப் பார்த்தபோது, அதிலும் ஓரத்து ரத்தக்குழாய்களை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம். பேர் ‘ரெட்டினல் வாஸ்குலைட்டிஸ்’, அதாவது விழித்திரை ரத்தக்குழாய்களில் அழற்சியாம், அதிலும் ஈல்ஸ் நோய் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் மாண்டூ ஊசி போட்டதில் நன்றாக வீங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஸ்டீராய்டு மாத்திரையும் டிபி மாத்திரையும் கொடுத்தார்கள்.

இப்போது ரத்தம் வடிந்து மொபைலில் பொடி எழுத்துகூடப் படிக்கிறான். போன வாரம் கையில் மஞ்சள் மருந்து ஏற்றிப் படம் எடுத்துவிட்டு, ‘இரண்டு கண்ணிலும் ஓரத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோன இடங்கள் இருக்கு, வலது கண்ணில் புதுக் குழாய்களும் முளைச்சிருக்கு, லேசர் வைக்கணும்’ என்றார்கள். இவன் முடியாது என்கிறான். ‘கண்ணுதான் தெரியுதே, மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இருக்காது, அப்போ பார்த்துக்கலாம்’ என்கிறான். முகம் உப்பிவிட்டதால் கூட வேலை செய்கிற பசங்க கிண்டல் செய்கிறார்கள் என்று ஸ்டீராய்டையும் நிறுத்தப் பார்க்கிறான். லேசர் கண் நரம்பைப் பொசுக்கிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். மாமாவோ, ‘இருமலே இல்லாதவனுக்கு எதுக்கு டிபி மாத்திரை? பொண்ணு பார்க்கிற நேரத்தில் அந்தப் பேர் எங்கேயும் பதிவாகக் கூடாது’ என்கிறார்.

நான் ஒருத்தி என்ன சொன்னாலும் எடுபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை முருகு

கண் விஷயம், பார்த்து செய்யுங்க. பொன்னாங்கண்ணி கீரை, கேரட் ஜூஸ் தினமும் கொடுங்க. என் அத்தைக்குக் கண்ணாடியே தேவைப்படாம போச்சு.

ஓட்டேரி ஆப்டம்

முருகு அண்ணா, கீரை நல்லது, தாராளமா சாப்பிடட்டும். ஆனால் இது சத்துக் குறைவால் வந்த கோளாறு இல்லை.

ராயபுரம் அக்கா, நான் டாக்டர் இல்லை, பார்வை சோதிக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். விழித்திரைப் பிரிவில்தான் பல வருஷமா வேலை. உங்க தம்பி மாதிரி ஆட்களைத்தான் தினமும் நாற்காலியில் உட்கார வைக்கிறேன்: இருபதிலிருந்து நாற்பது வயசுக்குள், பெரும்பாலும் ஆண்கள், உடம்பில் வேறு எந்தக் குறையும் சொல்ல மாட்டார்கள். ஹென்றி ஈல்ஸ் என்ற டாக்டர் 1880இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இதை எழுதி வைத்தார். இன்றைக்கு அங்கே இது அபூர்வம், நம்ம ஊரில்தான் அதிகம் பார்க்கிறோம்.

‘கண்ணுதான் தெரியுதே’ என்று அவர் சொல்கிறார் பாருங்க, இந்த நோயில் ஆட்களைக் கவிழ்ப்பதே அதுதான். நாம் எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுப்பகுதியால். இந்த நோய் ஆரம்பிப்பது ஓரத்தில். அங்கே உள்ள சிரைகளின் சுவர் அழற்சியால் தடித்து, போகப்போக அடைத்துக்கொள்ளும். அந்த ஓரம் ரத்தமில்லாமல் பட்டினி கிடக்கும்போது விஇஜிஎஃப் என்ற ஒரு பொருளைச் சுரக்கும். அதனால் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை நல்ல குழாய்கள் இல்லை, சுவர் மெல்லிசு. கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லைப் பிடித்துக்கொண்டு வளரும். ஜெல் கொஞ்சம் இழுத்தால் கிழியும், ரத்தம் கொட்டும், பார்வை போகும். ரத்தம் மெல்ல வடிந்தால், நடுப்பகுதி கெடாமல் இருப்பதால் சார்ட்டில் கடைசி வரி வரை படிப்பார்கள். ஆனால் அந்தக் குழாய்கள் அங்கேயேதான் இருக்கும்.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். அடைத்துப்போன சிரையை அது திறக்காது. பட்டினி கிடக்கிற அந்த இடத்துக்குத்தான் லேசர். அங்கே சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுட்டுவிட்டால் விஇஜிஎஃப் சுரப்பது குறையும், புதுக் குழாய்கள் சுருங்கும். அம்மாகிட்ட சொல்லுங்க: நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஓட்டம் நின்ற இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

அப்புறம் இந்தத் தடைக்காலம். அது ஏப்ரல் 15க்குத்தான் தொடங்கும். கண் தெளிவாக இருக்கும்போதுதான் லேசர் வைக்க முடியும். அதற்குள் இன்னொரு முறை ரத்தம் கசிந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, லேசர் ஒளியும் உள்ளே போகாது. அது வடியும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதம்போல ஆகியும் வடியவில்லை, அல்லது அதற்கு முன்பே விழித்திரையை இழுக்க ஆரம்பித்துவிட்டது என்றால் அந்த ஜெல்லையும் ரத்தத்தையும் எடுக்கிற விட்ரெக்டமி என்ற ஆபரேஷன்தான். லேசரோடு முடிய வேண்டியதை ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டு போக வேண்டாம்.

மட்டுறுத்துநர்

கண்ணில் தாய்ப்பாலும் தேனும் விடச் சொன்ன ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். கண்ணில் எதையாவது ஊற்றச் சொல்லும் பதிவு இந்த இழையில் நிற்காது.

வியாசை லேத்

சகோ, எனக்கு இதே நோய்தான். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வந்தபோது உங்க தம்பி வயசுதான். இப்போது இரண்டு கண்ணும் வேலைக்கு ஆகிற நிலையில் இருக்கு, மைக்ரோமீட்டர் கோடு பார்க்கிறேன்.

லேசர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்ட வைக்கணும். கண் மேல ஒரு லென்ஸைப் பசை மாதிரி ஒன்று தடவி வைத்து அழுத்திப் பிடிப்பார்கள், இமை மூடாது. அப்புறம் பச்சை வெளிச்சம் பட்பட்டென்று அடிக்கும். நிறைய இடத்தில் ஒன்றும் தெரியாது. சில இடத்தில் மட்டும் பல் கூச்சம் மாதிரி உள்ளே ஒரு சுளீர். அப்போது தலையைப் பின்னால் இழுக்கக் கூடாது, வலித்தால் வாயால் சொல்லணும், டாக்டர் நிறுத்துவார், பவரைக் குறைப்பார். முடிந்து எழுந்தால் அந்தக் கண்ணில் எல்லாம் இருட்டாக, கொஞ்சம் ஊதா நிறமாகத் தெரியும். எனக்குச் சாயங்காலத்துக்குள் சரியாயிடுச்சு. ஒரே தடவையில் முடியாது, பிரித்துப் பிரித்துக் கூப்பிடுவார்கள்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் எனக்கு முன்பு போல் தெரிவதில்லை. தெருவிளக்கு இல்லாத சந்தில் வண்டி ஓட்டினால் ஓரத்தில் வருகிற ஆள் சட்டென்று கண்ணில் படுவதில்லை. ராத்திரி வேலை செய்கிற பையன் என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எனக்கு முன்னாடி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் லேசர் வேண்டாம் என்று போனவர். அடுத்த தடவை நான் பார்த்தபோது அவர் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். எது பரவாயில்லை என்று தம்பியே யோசிக்கட்டும்.

கொளத்தூர் கோபி

ஸ்டீராய்டு பக்கமே போகாதீங்க. என் மாமனாருக்கு அதனால்தான் சுகர் வந்தது, எலும்பு தேய்ந்தது. இங்கிலீஷ் மருத்துவம் ஒன்றைச் சரி பண்ணி நாலைக் கெடுக்கும்.

மிண்ட் மெடிக்கல்

கோபி சார் சொல்கிற பக்கவிளைவு எல்லாம் உண்மை. மருந்துக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சர்க்கரை ஏறும், பிபி ஏறும், முகம் உப்பும், வயிறு எரியும், தூக்கம் கெடும். நாள்பட்டால் எலும்பு தேயும். கண்ணிலேயே புரையும் அழுத்தமும் வரலாம். அதனால்தான் கால்சியம், வைட்டமின் டி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை எல்லாம் கூடவே எழுதுகிறார்கள், சர்க்கரையும் கண் அழுத்தமும் பார்க்க வரச் சொல்கிறார்கள்.

ஆனால் பாதியில் நிறுத்துவது அதைவிட மோசம். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு வேண்டியது எங்கிருந்தும் வராது. மயக்கம், வாந்தி, பிபி இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைகூட வரும். ஒரு நோய்க்காய்ச்சலோ விபத்தோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அடங்கிக்கொண்டிருந்த கண் அழற்சியும் திரும்பும். படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். மாத்திரை குறையக் குறைய முகம் பழையபடி ஆகிவிடும், தம்பிக்கு அதைச் சொல்லுங்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் வராது. உங்க தம்பிக்குக் ‘காலை’ எது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் பிழைப்பு நேரமே தலைகீழ்.

இன்னொன்று. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம்.

தண்டையார்பேட்டை செவிலி

மாமாவுக்கு நான் பதில் சொல்கிறேன், டிபி பிரிவில் வேலை பார்க்கிறவள்.

இருமல் இருந்தால்தான் டிபி என்று இல்லை. நெறிக்கட்டி, எலும்பு, மூளை, கண் எங்கே வேண்டுமானாலும் வரும். மாண்டூ வீங்கியதால் மட்டுமே நோய் என்று ஆகாது, நம்ம ஊரில் கிருமி உடம்பில் படுத்துக் கிடப்பவர்கள் ஏராளம். கண்ணின் தோற்றம், மாண்டூ, எக்ஸ்ரே, மற்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். இது பிறருக்குத் தொற்றாது. நுரையீரல் சுத்தமாக இருக்கும்போது ஒரே தட்டில் சாப்பிட்டாலும் யாருக்கும் வராது. பொண்ணு வீட்டுக்குப் பயப்பட இதில் ஒன்றுமில்லை.

இந்தக் கூட்டு மாத்திரையில் மூன்று விஷயம் தெரிந்திருக்கணும்.

ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான். அதே ரிஃபாம்பிசின், ஈரலைத் தூண்டிவிட்டு ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் போட்ட ஸ்டீராய்டு முழுசாக வேலை செய்யாமல் போகலாம். கண் டாக்டரும் டிபி டாக்டரும் வேறு வேறு இடம் என்றால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இரண்டாவது, எத்தாம்புட்டால். டிபி மருந்தான அதுவே சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிவது முதல் அறிகுறியாக இருக்கலாம். ஏற்கனவே கண் நோய் உள்ளவரிடம் இதைக் கவனிக்கத் தவறிவிடுவோம், ‘அந்த நோயால்தான் மங்குது’ என்று விட்டுவிடுவோம். அதனால் மாதா மாதம் நிறப் பார்வை சோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஈரல். கண் மஞ்சளித்தால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால் அன்றைக்கே வரணும். அது நடக்கும்போது குடிப்பழக்கமும் இருந்தால் இன்னும் சிக்கல். துறைமுகத்து வேலை, உடம்பு வலி, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மாத்திரை முடியும்வரை தொடக் கூடாது.

மாமா ‘பதிவாகக் கூடாது’ என்கிறாரே, அரசு மருந்து இலவசமாக வருவதே அந்தப் பதிவால்தான். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தப் பட்டியலைத் தெருவில் ஒட்ட மாட்டோம்.

கொளத்தூர் கோபி

மேடம், நானும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வருகிறேன். ஈல்ஸில் உயிருள்ள டிபி கிருமியே இருப்பதில்லை, வெறும் ஒவ்வாமைதான் என்றும் சொல்கிறார்களே. அப்படியானால் அத்தனை மாதம் மருந்து எதற்கு?

ஓட்டேரி ஆப்டம்

நல்ல கேள்வி, இதை டாக்டர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். கண்ணிலிருந்து எடுத்த திரவத்தில் டிபி கிருமியின் மரபணுத் துணுக்கு சிலரிடம் கிடைத்திருக்கிறது, ஆனால் வளர்த்துப் பார்த்தால் கிருமி பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிருமியே காரணமா, அதன் மீது உடம்பு காட்டுகிற கோபம் காரணமா என்பதில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். எல்லா ஈல்ஸ் நோயாளிக்கும் டிபி மருந்து கொடுப்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை அழற்சி எவ்வளவு தீவிரம், பரிசோதனை என்ன சொல்கிறது என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள்.

ஆனால் என் பார்வையில் ஒன்று: படுத்திருக்கிற கிருமி உள்ள ஒருவருக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தக் கிருமி எழுந்துகொள்ள வாய்ப்பு இருக்கு. அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் இந்த மருந்து. ஆரம்பித்த பிறகு பாதியில் விடுவதற்கு யாரும் ஆதரவு தர மாட்டார்கள், இரண்டு பக்கத்து டாக்டர்களும்.

வாஸ்குலைட்டிஸ் என்றாலே டிபி என்றும் நினைக்க வேண்டாம். வாயில் அடிக்கடி புண் வந்தால் பெசட் நோயா என்று பார்ப்பார்கள். சிபிலிஸ், சார்காய்டு, லூபஸ், எச்ஐவி எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். ‘என் தம்பியைச் சந்தேகப்படறாங்களா’ என்று கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் அதே பட்டியல்தான்.

பெரம்பூர் பேத்தி

இது வேறு வயசுக் கதை, ஆனால் ரத்தக்குழாய் அழற்சிதான் என்பதால் எழுதுகிறேன். வயசானவர்களை வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பாட்டிக்கு எழுபது தாண்டிய வயசு. சில வாரமாக நெற்றிப்பொட்டில் வலி, சீப்பு பட்டாலே முகம் சுளிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிடும்போது நாலு மெல்லு மெல்லுவார், தாடை வலிக்கிறது என்று நிறுத்துவார், கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி மெல்லுவார். பல் டாக்டரிடம் காட்டினார்கள், பல்லில் குறையில்லை. ஒரு நாள் வலது கண் சில நிமிஷம் இருண்டு திரும்பியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து விடிந்தபோது அந்தக் கண்ணில் பார்வையே இல்லை.

போன இடத்தில் ஒரு டாக்டர் தாடை வலியைக் கேட்டதுமே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று ரத்தத்தில் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் பார்க்கச் சொல்லி, அன்றைக்கே நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ‘ஜயண்ட் செல் ஆர்ட்டெரைட்டிஸ்’, தமனியில் வருகிற அழற்சி என்றார். நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தது அதற்கு அப்புறம்தான். முடிவு வரும்வரை காத்திருந்தால் இன்னொரு கண்ணும் போயிருக்கும் என்றார். போன கண் போனதுதான், திரும்பவில்லை. இடது கண் தப்பித்தது, அதை வைத்துத்தான் இன்றைக்கும் கிராஸ்வேர்டு போடுகிறார். மாத்திரையை ஒரு வருஷத்துக்கும் மேலாகக் குறைத்துக் குறைத்துக் கொண்டு வந்தார்கள்.

ராயபுரம் அக்கா

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது. பேத்தி சொன்னது தம்பிக்கும் வருமா? அவனும் அடிக்கடி தலைவலி என்கிறான்.

ஓட்டேரி ஆப்டம்

வராது அக்கா. அது ஐம்பதுக்கு மேல், பெரும்பாலும் எழுபதை ஒட்டி வருகிற நோய். தமனியைப் பிடிக்கும். ஐரோப்பிய வம்சாவளியில் அதிகம், நம்மிடம் குறைவு. குறைவு என்பதால்தான் நிறைய பேருக்கு அது ஞாபகத்துக்கே வருவதில்லை. அங்கே மணிக்கணக்கு முக்கியம், முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம். இப்போது டோசிலிசுமாப் என்ற ஊசியும் அதற்கு இருக்கிறது, 2017இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்க உதவும், விலைதான் இடிக்கும்.

இளம் பெண்களுக்கு அதிகம் வருகிற இன்னொரு தமனி அழற்சி உண்டு, டகாயாசு. கையில் நாடியே கிடைக்காமல் போகும். அந்த நோயில் விழித்திரைக் குழாய்கள் மாறுவதை 1908இல் எடுத்துச் சொன்னவர் ஜப்பானியக் கண் டாக்டர் ஒருவர், அவர் பேரில்தான் நோயின் பேரும். சரி, நான் இழுத்துக்கொண்டே போகிறேன். தம்பியின் தலைவலிக்குத் தூக்கம் கெட்டது, ஸ்டீராய்டு, பிபி என்று பல காரணம் இருக்கலாம். அடுத்த தடவை கண் அழுத்தமும் பிபியும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராயபுரம் அக்கா

வியாசை அண்ணன் எழுதியதை அவனையே படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தான். ‘இவரு மைக்ரோமீட்டர் பார்க்கறாராமே’ என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வலது கண்ணுக்கு லேசர் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். இடது கண்ணில் ரத்தமே வரவில்லையே, அதை ஏன் தொடணும் என்று அங்கேயே நிற்கிறான். டிபி மாத்திரை தொடர்கிறது. மாமா பேசுவதை நிறுத்திவிட்டார், அது எவ்வளவு நாளைக்கோ. ஐஸ் பெட்டி தூக்கலாமா என்றும் கேட்கிறான்.

வியாசை லேத்

தம்பி, நீ படிப்பாய் என்று உனக்கே எழுதுகிறேன். எனக்கு முதலில் ரத்தம் வந்தது இடது கண்ணில். வலது கண் அப்போது சுத்தமாகத் தெரிந்தது. படத்தில் மட்டும்தான் ஓட்டம் நின்ற இடம் இருந்தது. அதற்கும் லேசர் வைத்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கண்ணில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. இரண்டில் எனக்கு நல்ல கண் எது என்று கேட்டால் அதுதான். இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும், ஒன்றை முதலில் காட்டும், அவ்வளவுதான். உனக்கு எப்போது வைக்கணும் என்று உன் படத்தைப் பார்த்து டாக்டர் சொல்வார், அதை அவரிடம் நேராகக் கேள்.

பாரம் தூக்குவது பற்றி: ரத்தம் புதுசாகக் கசிந்திருக்கும்போது குனிந்து பாரம் தூக்க வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். ராத்திரி தலையணையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள், ரத்தம் அடியில் தங்கி நடுப்பார்வை சீக்கிரம் தெளியும். இப்போது உனக்குக் குழாய் முளைத்திருக்கு, லேசர் முடிந்து டாக்டர் சரி என்கிறவரை ஐஸ் பெட்டியை வேறு யாராவது தூக்கட்டும்.

மிண்ட் மெடிக்கல்

செலவுக்கு யோசித்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819லிருந்து நடக்கிறது. ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்கு ஆட்டோ, சென்ட்ரலில் மெட்ரோ மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் எடுத்துப் போங்கள், எது அட்டையில் வரும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

வியாசை லேத்

லேசர் அன்றைக்கு பைக் வேண்டாம். சொட்டு விட்டால் சாயங்காலம் வரை வெயில் கண்ணைக் குத்தும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கோ. அக்கா கூட வரட்டும். மஞ்சள் மருந்து படம் எடுத்த சிடியை மறக்காதே, அது இல்லாமல் போனால் மறுபடி ஊசி போட்டு எடுப்பார்கள், எனக்கு அந்த மருந்து ஏறும்போது வாந்தி வரும்.

ராயபுரம் அக்கா

சிடி பீரோவில் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இடது கண்ணைப் பற்றி அவனே கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.